குடித்தனத்துக்கு இல்லை

பாரதியார் புதுச்சேரியில் இருந்தது 1908 முதல் 1918 வரை. அந்தப் பத்து வருஷத்தில் அவருக்கு வாய்த்த வீட்டுக்காரர்களில் ஒருவரான விளக்கெண்ணெய்ச் செட்டியார், வாடகை கேட்டுத் தொந்தரவு செய்யாதவர் என்று பெயர் வாங்கிவிட்டார். நம் இலக்கிய சரித்திரத்தில் ஒரு வீட்டுக்காரருக்கு நல்ல பெயர் கிடைத்தது அதுவே முதலும் கடைசியும் போலும்.

அப்படி ஒருவர் இன்று கிடைப்பார் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு அறையும் ஒரு சமையலறையும், அதற்கு நியாயமான வாடகையும்தான் எனக்கு வேண்டியிருந்தது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் வீதிகளில் ஒரு மாதம் அலைந்தேன். ஒருவர் பத்து மாத வாடகை முன்பணம் என்றார். மற்றொருவர், “நீங்கள் சைவமா?” என்றார், அந்தக் கேள்விக்குள் இருக்கும் இன்னொரு கேள்வி உங்களுக்கும் தெரியும். மூன்றாமவர் வெகு மரியாதையாக, “குடித்தனத்துக்கு விடறதில்லை சார், சனி ஞாயிறு வர்றவங்களுக்குத்தான்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

இந்த மூன்றாமவரோடுதான் என் சண்டை. கணக்கென்னவோ அவர் பக்கம்தான். ஓர் அறைக்கு நாளொன்றுக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் எட்டு நாள் ஆள் வந்தால் 20,000 ரூபாய். மற்ற இருபத்திரண்டு நாளும் வீடு பூட்டிக் கிடந்தாலும் கவலையில்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்திறங்குகிறவர்களோடு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் போட்டி போட முடியுமா? அவர் லாஸ்பேட்டைக்கோ வில்லியனூருக்கோ போக வேண்டியதுதான். அவர் பின்னாலேயே அங்கும் வாடகை ஏறும்.

வைசியாள் வீதியில் பழைய வீடுகளின் முகப்பையும் தூண்களையும் திண்ணைகளையும் பழுதுபார்த்திருக்கிறார்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் திண்ணையைக் காப்பாற்றிவிட்டு, அதில் உட்கார்ந்து கீரை ஆய்கிற பாட்டியை ஊருக்கு வெளியே அனுப்புவது எந்த ஊர்ப் பாதுகாப்பு? பாட்டி இல்லாத திண்ணை, படம் பிடித்துக்கொள்ள உதவும்.

குடிவைத்தால் காலி செய்யமாட்டார்கள், கோர்ட்டுக்குப் போனால் ஆயுசு தீர்ந்துவிடும் என்கிறார்கள் வீட்டுக்காரர்கள். பொய்யென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்குத்தான் பதினோரு மாத ஒப்பந்தம் என்ற தந்திரத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்களே! ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம். அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே நிறுத்திக்கொண்டால் பதிவும் இல்லை, செலவும் இல்லை. பதினோராவது மாதம் வாடகையையும் உயர்த்திக்கொள்ளலாம்.

1969-இல் புதுச்சேரிக்கென்று வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்பு வீட்டுக்கு முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. நான் சந்தித்த வீட்டுக்காரர்களில் ஒருவராவது இதைக் கேள்விப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

விடுதி நடத்துகிறவர் தாராளமாக நடத்தட்டும். ஆனால் விடுதிக்குரிய உரிமத்தோடும், விடுதிக்குரிய வரியோடும், விடுதிக்குரிய மின்சாரக் கட்டணத்தோடும் நடத்தட்டும். குடித்தனத்துக்கு விடுகிறவருக்கு வீட்டு வரியில் சலுகை கொடுங்கள். எந்தத் தெருவில் எத்தனை வீடு விடுதியாகலாம் என்று நகராட்சி ஒரு வரம்பு கட்டட்டும். வரம்பு கட்டும் வேலையை, வீதிகளில் குடித்தனங்கள் மிஞ்சியிருக்கும்போதே ஆரம்பிக்க வேண்டும்.