கணினியில் இருக்கும் கடன் கணக்கும் அமானிதமே!

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி ஏவுகிறது (2:282). நம் பாட்டனார் காலத்தில் அந்தக் கணக்கு பேரேட்டில் இருந்தது. இன்று கல்லாவுக்குப் பக்கத்தில் உள்ள கணினியில் இருக்கிறது. பேரேட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிய நாம், கணினியை எப்படி வைத்திருக்கிறோம்?

2017 மே 12 அன்று 'வானாக்ரை' என்ற வைரஸ் உலகைத் தாக்கியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கணினிகளின் கோப்புகள் பூட்டப்பட்டன. திறக்க 300 டாலர் பிட்காயினாகக் கேட்டார்கள். பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சைகள்கூட ரத்தாயின. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கணினிகள்தான் மாட்டிக்கொண்டன.

அதே நிலை இப்போதும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. நம் கடைகள் பலவற்றில் இன்னும் அதுதான் ஓடுகிறது. போதாக்குறைக்கு 'கிராக்' செய்த பில்லிங் சாஃப்ட்வேர். அதை ஏற்றும்போது ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். திருடனுக்காக நாமே தாழ்ப்பாளைத் திறந்துவிடுகிறோம். பிறர் உழைப்பை விலை கொடுக்காமல் எடுப்பது ஹலாலா என்ற கேள்வியும் இருக்கிறது.

கணக்கு அழிந்தால் நஷ்டம் முதலாளிக்கு மட்டுமல்ல. பாக்கியைக் கட்டியவரிடம் மறுபடி கேட்க நேரிடும். கட்டாதவர் கடனோடு மவ்த்தானால் வாரிசுகளுக்குத் தொகை தெரியாது. உம்ரா சர்வீஸ் அலுவலகம் என்றால் பயணிகளின் பாஸ்போர்ட் நகல்கள் அந்நியர் கைக்குப் போகும். பிறருடைய விவரங்களை வைத்திருப்பவரே அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு வைப்பவை அல்ல. இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி, கடை அடைக்கும் முன் மாற்றி மாற்றி நகல் எடுங்கள். எடுத்ததும் கழற்றிவிடுங்கள், செருகியே இருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். ஒன்று வீட்டில் இருக்கட்டும். நகல் திறக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பில் போடும் கணினியில் பிள்ளைகள் கேம் விளையாட வேண்டாம். நிக்காஹ் அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் 'ஏபிகே' கோப்பு வந்தால் திறக்காதீர்கள். சரக்கு அனுப்புபவர் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மெயில் அனுப்பினால், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் பேசிவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

மீறி நடந்துவிட்டால் முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். பணம் கொடுத்தாலும் கோப்புகள் திரும்பும் என்ற உத்தரவாதம் இல்லை. சில வகைப் பூட்டுகளுக்கு 'நோ மோர் ரான்சம்' தளத்தில் இலவசச் சாவி கிடைக்கிறது. வங்கிப் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சிலர் சொல்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டும்படிதான் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (திர்மிதி). நகல் எடுப்பதும் ஒட்டகத்தைக் கட்டுவதுதான்.

அமானிதங்களைப் பேணும் வியாபாரிகளாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.