பையனுக்கு மோட்டார் வாங்கித் தராதீங்க!

தலைப்பைப் பார்த்துட்டு யாரும் சண்டைக்கு வராதீங்க. இல்ல, வாங்க. இந்தச் சண்டையை எப்பவோ போட்டிருக்கணும்.

நாக்பூர்ல ஞாயித்துக்கிழமை காலையில நம்மாளுங்க சில பேரு பிள்ளைங்களோட சேர்ந்து ரிமோட் கார் ரேஸ் விடுறது இங்க இருக்குற தமிழ்க் குடும்பங்கள் பலருக்குத் தெரியும். காலியா கிடக்குற பார்க்கிங் இடம், பழைய தீயணைப்புக் குழாயை வளைச்சுப் போட்டு ஒரு ட்ராக், வீட்டுல இருந்து பிளாஸ்க்ல காபி. போன சீசன் ஆரம்பத்துல பதினொரு கார் ஓடுச்சு. சீசன் முடியும்போது அஞ்சு. ஆறு பசங்க ஏன் வரல? பரீட்சைன்னு சொன்னாங்க, டியூஷன்னு சொன்னாங்க. நான் பேங்க்ல கடன் பிரிவுல உட்கார்ந்திருக்கிற ஆளு. "வேற காரணம்"னு ஒருத்தர் சொன்னா அது பணக் காரணம்னு கண்டுபிடிக்க எனக்கு இருபது வருஷப் பயிற்சி இருக்கு.

நடந்தது இதுதான். ஒரு அப்பா தன் பையனுக்கு 3300 கேவி பிரஷ்லெஸ் மோட்டார் போட்டார். அடுத்த வாரம் இன்னொருத்தர் அதைவிடப் பெருசு. மூணாவது வாரம் ஒருத்தர் கார்பன் சேஸி, பெல்ட் ட்ரைவ்னு சர்வதேச ரேஸ்ல ஓடுற காரையே இறக்கிட்டார். கிட்டோட வந்த சாதா 540 மோட்டாரை வச்சிருந்த பசங்க நேர்ப்பாதையில நின்னுட்டு இருக்கிற மாதிரி ஆச்சு. ஒரே சம்பளத்துல வாடகையும் ஸ்கூல் பீஸும் கட்டுற குடும்பத்துல பையன் வீட்டுக்குப் போய் என்ன கேப்பான்? கேக்கல. அதுதான் கொடுமை. கேக்காம நின்னுட்டான்.

சரி, பெரிய மோட்டார் போட்டவங்களாவது ஜெயிச்சாங்களான்னு பாத்தா அதுவும் இல்ல. கணக்கு போட்டுக் காட்டுறேன், பி.காம். முதல் வருஷக் கணக்குதான். ஒரு லேப் 20 நொடின்னு வைங்க. 5 நிமிஷ ரேஸ்ல 15 லேப். பெரிய மோட்டார் நேர்ப்பாதையில லேப்புக்கு அரை நொடி மிச்சம் பிடிச்சுத் தருதுன்னே வச்சுக்குவோம், தாராளமா. 15 லேப்புக்கு மொத்த லாபம் ஏழரை நொடி. இப்ப அந்த வேகத்துல கார் திருப்பத்துல நிக்காம போய்க் குழாய்ல மோதிக் கவுந்துடுது. மார்ஷல் ஓடிப் போய் தூக்கி நேரா வைக்க, மறுபடி வேகம் பிடிக்க, குறைஞ்சது ஆறு ஏழு நொடி. ஒரு தடவை கவுந்தாலே லாபம் போச்சு. ரெண்டாவது தடவை கவுந்தா நஷ்டம். நம்ம பசங்க ஒரு ரேஸ்ல நாலு தடவை கவுக்குறாங்க. இதுக்குப் பேரு முதலீடா? எங்க பாஷையில வாராக் கடன்.

3300 கேவின்னா என்ன? ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 3300 சுத்து. ரெண்டு செல் லிபோ பேட்டரி 7.4 வோல்ட். பெருக்கிப் பாருங்க, சுமை இல்லாதப்ப நிமிஷத்துக்கு 24,420 சுத்து. இதை எந்த வண்டியில மாட்டுறோம்? டாமியா டிடி-02. ரொம்ப நல்ல வண்டி, நானே சிபாரிசு பண்றது. ஆனா சாதா கிட்ல பேரிங் இருக்க வேண்டிய இடத்துல பிளாஸ்டிக் புஷ், ஆயில் டாம்பருக்குப் பதிலா வெறும் ஸ்பிரிங்கும் உரசலும். அதுல போய் இந்த மோட்டாரைப் போடுறது ஓட்டு வீட்டு மேல மூணு மாடி எழுப்புற மாதிரி.

மோட்டாருக்குக் கொடுக்கிற காசுல பாதியைப் பால் பேரிங்குக்கும் ஆயில் டாம்பருக்கும் கொடுங்க. பேரிங் போட்டாலே சக்கரம் தடையில்லாம சுத்தும், மோட்டார் சூடு குறையும், பேட்டரி கூட நேரம் வரும். டாம்பர்ல ஆயில் இருந்தா மேடு பள்ளத்துல கார் குதிக்காது. நம்ம பார்க்கிங் தரை என்ன கார்ப்பெட்டா? சிமெண்ட் ஜாயிண்ட்டுக்கு ஜாயிண்ட் தவளை மாதிரி தாவுற காருக்கு எந்த மோட்டார் போட்டு என்ன புண்ணியம்?

அடுத்து டயர். இதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிடும். ரோட்டோட ஒட்டிக்கிட்டு இருக்கிறது அந்த நாலு ரப்பர் மட்டும்தான். மோட்டார் எத்தனை குதிரை சக்தி கொடுத்தாலும் டயர் தரையைப் பிடிக்கலைன்னா புகைதான். நாக்பூர் வெயில் உங்களுக்கே தெரியும், மே மாசம் 45 டிகிரியைத் தாண்டுற ஊரு. காலை ஏழு மணிக்கு இருக்கிற தரை வேற, பத்து மணிக்கு இருக்கிற தரை வேற. குளிர்ந்த தரைக்கு மெத்து ரப்பர், சூட்டுக்குக் கொஞ்சம் கெட்டி ரப்பர். உள்ள இருக்கிற ஸ்பாஞ்ச் நைஞ்சு போச்சுன்னா வெளி ரப்பர் புதுசா இருந்தும் பிரயோஜனம் இல்ல. டயரைச் சக்கரத்தோட சரியா ஒட்டாம ஓட்டுனா திருப்பத்துல கழண்டு வரும். இதையெல்லாம் எந்த அப்பாவாவது பாத்தீங்களா? மோட்டார் நிறம் நீலமா ஊதாவான்னு மட்டும் பாத்தீங்க.

அப்புறம் காசே செலவில்லாத விஷயங்கள். கத்தி முனையை காரோட முன்பக்கம் சேஸிக்கு நடுவுல வச்சு மெதுவாத் தூக்குங்க. முன் சக்கரம் ரெண்டும் ஒரே நேரத்துல தரையை விட்டு எழும்பணும். ஒண்ணு முன்னாடி எழும்புனா சேஸி முறுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அந்தக் கார் ஒரு பக்கம் நல்லாத் திரும்பும், இன்னொரு பக்கம் சுத்திக்கும். இதோட ஒரு சீசன் முழுக்க ஓட்டிட்டு "ரிமோட் சரியில்ல"ன்னு புது ரிமோட் வாங்குனவர் ஒருத்தர் நம்ம கூட்டத்துலயே இருக்கார். (பேர் சொல்ல மாட்டேன், பொங்கலுக்கு அவங்க வீட்டுக்குச் சாப்பிடப் போகணும் :-))

தரைக்கும் சேஸிக்கும் எவ்வளவு இடைவெளின்னு பாக்கத் தனிக் கருவி வேண்டாம். 6 மி.மீ. ஆலன் சாவி ஒண்ணு அடியில நுழையுதா பாருங்க. நம்ம தரைக்கு அது சரியா இருக்கும், வழவழப்பான ட்ராக்கா இருந்தா இன்னும் இறக்கலாம். பேட்டரியைப் போட்டு, பாடியை மாட்டி, ரேஸுக்குப் போற கோலத்துல அளக்கணும். சக்கரத்தோட மேல் பக்கம் ஒண்ணு ஒண்ணரை டிகிரி உள்ள சாஞ்சிருந்தா போதும். நாலு ரேஸ் விட்டுட்டு டயரைத் தடவிப் பாருங்க. உள் விளிம்பு மட்டும் தேஞ்சிருந்தா சாய்வு ஜாஸ்தி. பின் சக்கரம் ரெண்டும் ரெண்டு மூணு டிகிரி உள்நோக்கிப் பாத்தா வால் ஆட்டாது. முன் டிப்ரன்ஷியல்ல கெட்டியான கிரீஸ் வைங்க, இல்லன்னா திருப்பத்துல உள் சக்கரம் சும்மா சுத்தி மொத்த சக்தியும் வீணாப் போகும். பின்னாடி கொஞ்சம் இளக்கமாவே இருக்கட்டும்.

கியர் விஷயத்துலயும் இதே அவசரம்தான். டிடி-02ல பெரிய சக்கரம் 70 பல், மோட்டார்ல மாட்டுற பினியன் 22 பல், உள் விகிதம் 2.6. அதாவது 70ஐ 22ஆல வகுத்து 2.6ஆல பெருக்குனா 8.27. சக்கரம் ஒரு சுத்து சுத்த மோட்டார் 8.27 சுத்து சுத்துது. பினியனை 25 ஆக்குனா 7.28. மேல்வேகம் கூடும், அதே அளவுக்கு மோட்டார் திணறும், சூடாகும். நம்ம ட்ராக்ல நேர்ப்பாதை எத்தனை மீட்டர்? கார் மேல்வேகத்தைத் தொடுறதுக்குள்ள திருப்பம் வந்துடுது. அப்புறம் எதுக்குங்க 25?

முக்கியமான ஒண்ணு. ஒரு நேரத்துல ஒரே ஒரு மாத்தம்தான் பண்ணணும், நோட்டுல எழுதணும். தேதி, தரை எப்படி இருந்துச்சு, என்ன மாத்துனோம், லேப் எவ்வளவு. வவுச்சர் இல்லாம என்ட்ரி போட்டா ஆடிட்ல மாட்டுவோம்ல, அதே கதைதான். அஞ்சு விஷயத்தை ஒரே நாள்ல மாத்திட்டு எது வேலை செஞ்சுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

இப்ப எதிர்க்கட்சி வாதங்களுக்கு வர்றேன்.

"நிஜ ரேஸ்னா கட்டுப்பாடே இருக்கக் கூடாது, யாருக்கு முடியுமோ அவங்க ஜெயிக்கட்டும்"னு ஒரு நண்பர் சொல்றார். எந்த நிஜ ரேஸ் சாமி அது? பார்முலா ஒன்ல 2011லேர்ந்து எல்லா அணிக்கும் பிரெல்லி டயர்தான். 2021ல செலவுக்கே உச்சவரம்பு வச்சாங்க, அணிக்கு 14.5 கோடி டாலர்னு. பெராரிக்கே பட்ஜெட் இருக்கு, நம்ம அபார்ட்மெண்ட்டுக்கு வேண்டாமா? ரிமோட் கார் உலகத்துக்கே தலைமை அமைப்பு இஃப்மார். அவங்க உலகப் போட்டியில டூரிங் காருக்கு எல்லாருக்கும் ஒரே டயர்தான் கொடுக்கிறாங்க. டாமியா தன் சொந்தப் போட்டிகள்ல சாதா மோட்டாருக்குன்னே தனிப் பிரிவு வச்சு நடத்தியிருக்கு. ஜப்பான்காரர் மசாமி ஹிரோசாகா 14 தடவை உலக சாம்பியன். இறுதிப் போட்டியில அவர் கூட நின்னவங்க கையிலயும் நல்ல மோட்டார்தான் இருந்திருக்கும்.

"என் காசு, என் பையன்"னு இன்னொருத்தர். உண்மைதான், மறுக்கல. ஆனா ரேஸ் விட எதிர்ல ஆள் வேணுமே? அஞ்சு கார் மூணாகி, மூணு ஒண்ணானா உங்க பையன் யாரை ஜெயிப்பான்?

மூணாவது வாதம் கொஞ்சம் நியாயமானது. பவர் இருந்தாத்தான் ஓட்டுற திறமை வளரும்னு சொல்றாங்க. வளரும், ஆனா பின்னால. 21.5 டர்ன் மோட்டார் போட்டு, ஸ்பீட் கன்ட்ரோலர்ல டைமிங் பூஜ்யம் வச்சு ஒரு சீசன் ஓட்டட்டும். டர்ன் எண்ணிக்கை கூடக் கூட மோட்டார் சாதுவாகும், மெதுவான மோட்டார்ல திருப்பத்துல விட்ட வேகத்தை நேர்ப்பாதையில ஈடு கட்ட முடியாது. அதனால பையன் கோட்டைப் பிடிச்சு ஓட்டக் கத்துக்குவான். அதுக்கப்புறம் 17.5, அப்புறம் 13.5ன்னு போகட்டும், நான் தடுக்கல.

வண்டி தேர்ந்தெடுக்கிறதுலயும் ஒரு வார்த்தை. ரெடிமேடா வர்ற வண்டியில பெட்டி மேல 60 கிலோமீட்டர் வேகம்னு போட்டிருப்பான். அதைப் பாக்காதீங்க, உதிரி பாகம் நம்ம நாட்டுல கிடைக்குதான்னு பாருங்க. சுங்க அட்டவணையில இந்தக் கார் எல்லாம் பொம்மைகள் இருக்கிற அதே தலைப்புலதான் வருது. பொம்மைக்கான சுங்கவரி 2020 பட்ஜெட்ல 20 சதவீதத்துல இருந்து 60 ஆச்சு, 2023ல 70. 2021 ஜனவரியிலேர்ந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். உடைஞ்ச ஒரு ஆர்முக்காக வெளிநாட்டுல ஆர்டர் போட்டுட்டு மூணு வாரம் காத்திருக்கிற பையன் நாலாவது வாரம் மொபைல் கேமுக்குப் போயிடுவான். டிடி-02ஐ நான் சொல்றது இதுக்காகத்தான். நம்ம கூட்டத்துலயே பாதிப் பேர்கிட்ட அது இருக்கு, ஒருத்தர் பெட்டியில இல்லாத பாகம் இன்னொருத்தர் பெட்டியில இருக்கும். கிட்டா வாங்குங்க. பையனே மாட்டட்டும். தானே மாட்டுன காரைத்தான் அவனால தானே சரி பண்ண முடியும்.

அதுலயும் அப்பாக்கள் தொல்லை தாங்கல. பையன் ரிமோட்டோட சும்மா நிக்கிறான், அப்பா குனிஞ்சு திருப்புளி பிடிக்கிறார். ரேஸ் முடிஞ்சதும் அடுத்த ரேஸுக்கு மார்ஷலா நிக்க வேண்டியது அந்தப் பையன். அதுக்கும் அப்பாவே ஓடுறார்! "வெயில்ல நிக்க வேண்டாம் கண்ணா"ன்னு. மார்ஷலா நின்னாத்தான் மத்தவன் கார் எந்தத் திருப்பத்துல ஏன் கவுழுதுன்னு பக்கத்துல பாக்க முடியும். ஓசியில கிடைக்கிற பாடம் அது.

மழை முடிஞ்சு அக்டோபர்ல அடுத்த சீசன் ஆரம்பிக்கிறோம். என் கோரிக்கை இது. எல்லாருக்கும் 21.5 டர்ன், ஒரே தயாரிப்பு, மொத்தமா வாங்கி ஒரே பெட்டியில போட்டு அன்னன்னைக்குக் காலையில குலுக்கல்ல எடுத்துக்கிறது. ரேஸ் முடிஞ்சதும் மோட்டார் திரும்பப் பெட்டிக்கு. சீசனுக்கு ரெண்டு செட் டயர், அதுவும் ஒரே வகை. கார்பன் சேஸி வச்சிருக்கிறவங்க தனியா ஓட்டிக் காட்டலாம், கைதட்டுறோம். 5000 எம்ஏஎச் பேட்டரிக்கு 5 ஆம்பியர்ல மட்டும் சார்ஜ், அதுவும் லிபோ பையில போட்டு, பெரியவங்க ஒருத்தர் கண் முன்னாடி. அவசரத்துக்கு 15 ஆம்பியர் ஏத்துற வேலையும், பேட்டரியை வெயில்ல நிக்கிற கார் டிக்கியில வச்சுட்டு வர்ற வேலையும் இனி வேண்டாம். மார்ஷலுக்கு வராத பையனோட அந்த ரேஸ் கணக்குல சேராது.

பொது மோட்டார் பெட்டிக்குக் காசு நான் முன்பணமாப் போடுறேன், தீபாவளி போனஸ் வந்ததும் பங்கு பிரிச்சுத் தந்தா போதும், வட்டி கிடையாது. நின்னு போன ஆறு வீட்டுக்கும் இந்த வாரமே நேர்ல போய்ச் சொல்லப் போறேன். கூட ரெண்டு பேர் வந்தா நல்லா இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்புறேன், ரெண்டாவது சனிதான், ஆபீஸ்ல ஆணி எதுவும் இல்ல.