எரித்தவர் ஒருவர், காத்தவர் பலர்

திரையில் ஒருவர் திடீரென மறைந்தால் இன்று நாம் வியப்பதில்லை. “எல்லாம் கணினி வேலை” என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறோம். கணினியே இல்லாத 1896ஆம் ஆண்டில், நாற்காலியில் அமர்ந்திருந்த ஒரு பெண்ணைத் திரையில் மறையச் செய்தார் பாரிஸ் நகரத்து ஜார்ஜ் மெலியெஸ். அவருடைய திறமையை வியந்து எழுதியவர்கள் பலர். என் மனத்தை உறுத்துவதோ அவருடைய படங்கள் அழிந்த விதம்.

மெலியெஸ் மேடையில் மாயவித்தை காட்டியவர்; சொந்தமாக ஓர் அரங்கும் வைத்திருந்தார். 1895 டிசம்பரில் லூமியேர் சகோதரர்களின் திரைக்காட்சியைக் கண்டதும் அந்தக் கருவியை விலைக்குக் கேட்டார், கொடுக்க மறுத்துவிட்டார்கள். மனந்தளராமல் லண்டனிலிருந்து வேறொரு கருவியை வாங்கி, அதைக்கொண்டு தமக்கென ஒரு படப்பிடிப்புக் கருவியைச் செய்துகொண்டார். ஒருநாள் தெருவில் படம்பிடிக்கையில் கருவி சிக்கி நின்றது. சரிசெய்து ஓட்டிய பிறகு பார்த்தால், திரையில் பயணிகள் வண்டி சவ வண்டியாக மாறியிருந்ததாம். இது அவரே சொன்ன கதை. கருவியை நிறுத்து, பொருளை மாற்று, மீண்டும் ஓட்டு. இந்த எளிய உத்தி அவருடைய மாயங்கள் பலவற்றுக்கு அடிப்படையானது.

1897இல் மொந்த்ரெய் என்ற ஊரில் கண்ணாடியால் ஒரு படப்பிடிப்புக் கூடம் எழுப்பினார். 1902இல் வெளிவந்த ‘நிலவுக்கு ஒரு பயணம்’ அவர் புகழை உலகெங்கும் பரப்பியது. நிலவின் கண்ணில் விண்கலம் குத்தி நிற்கும் காட்சியை அறியாத திரை ரசிகர் குறைவு. ஆனால், அமெரிக்காவில் அந்தப் படத்தைத் திருட்டுத்தனமாகப் படியெடுத்துக் காட்டியவர்களே காசு பார்த்தனர். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த அவர், 1912இல் படமெடுப்பதையே நிறுத்தினார். கடன் அவரைச் சூழ்ந்திருந்தது. 1923இல் கூடத்தை விட்டு வெளியேறும் நிலை வந்தபோது, வைக்க இடமில்லாத தம் படச்சுருள்களைத் தாமே தீயிட்டு எரித்தார். பிறகு மொந்த்பர்னாஸ் இரயில் நிலையத்தில் பொம்மையும் மிட்டாயும் விற்றார்.

“எரித்தவர் அவரே, நாம் என்ன செய்ய முடியும்?” என்று சிலர் கேட்கலாம். இந்தக் கேள்வியை நான் ஏற்க மாட்டேன். வாடகைக்கும் வயிற்றுக்கும் போராடும் கலைஞனிடம் காப்பகப் பணியையும் சுமத்துவது நியாயமா? படைப்பது கலைஞனின் வேலை. காப்பது சுவைத்தவர்களின் கடமை. இன்று அவருடைய படங்களில் ஏறக்குறைய இருநூறு எஞ்சியிருக்கின்றன என்றால், யார் யாரோ வைத்திருந்த படிகள்தாம் அதற்குக் காரணம். வண்ணம் தீட்டிய ‘நிலவுக்கு ஒரு பயணம்’ படி ஒன்று 1993இல் பார்சிலோனாவில் கிடைத்தது. பெயர் வெளியிடாத ஒருவர் கொடுத்தது அது. பல ஆண்டு உழைப்பால் சீரமைக்கப்பட்டு, 2011இல் கான் திரைப்பட விழாவில் திரையேறியது.

நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம். சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம். 1931இல் வந்த ‘காளிதாஸ்’ முதல் தமிழ்ப் பேசும்படம். இரண்டில் ஒன்றையும் இன்று நம்மால் பார்க்க முடியாது. பெருமை பேச ஆண்டுக்கணக்கு இருக்கிறது. போட்டுக் காட்டப் படச்சுருள் இல்லை.

சினிமா பெரிய உலகம் என்று ஒதுங்கிவிட வேண்டாம், நண்பர்களே. ஆண்டுதோறும் நம் கழகம் மேடையேற்றும் நாடகங்கள் எங்கே? நான் நடித்த நாடகத்தின் கையெழுத்துப் படியைத் தேடி அண்மையில் கழக அலமாரியைத் திறந்தேன். பழைய பதாகைகளும் காய்ந்துபோன பசைப் புட்டிகளும் இருந்தன, நாடகம் இல்லை. எழுதிய நண்பரிடமும் இல்லை. நாங்கள் யாரும் எதையும் எரிக்கவில்லை. கவனிக்காமல் விட்டோம், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலையன்று. ஒவ்வொரு படைப்பிலும் எழுதியவர் பெயரையும் ஆண்டையும் குறிப்போம். இரண்டு படிகள் எடுத்து இரண்டு இடங்களில் வைப்போம். அடுத்த செயலவையிடம் கணக்கு ஏட்டை ஒப்படைக்கும்போது இவற்றையும் ஒப்படைப்போம். முன்னாள் மாணவர்கள் தங்கள் வீட்டுப் பெட்டிகளை ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.

திரையில் மறைந்த பெண்ணை மெலியெஸால் திரும்ப வரவழைக்க முடிந்தது. எரிந்துபோன படத்தை வரவழைக்கும் வித்தை அவருக்கும் தெரியாது.