பாயிரமும் மெட்டா குறிச்சொல்லும்

பாயிரம் இல்லாததை நன்னூலார் நூலென்றே ஏற்கவில்லை. புறநானூற்றுப் பாடல்களின் கீழே திணை, துறை, பாடியோர், பாடப்பட்டோர் எனக் குறித்து வைத்ததனால்தான் யாரை யார் பாடினார் என்று இன்று நாம் அறிகிறோம். இணையப் பக்கத்தின் தலைப்பகுதியில் வாசகர் கண்ணில் படாது நிற்கும் மெட்டா குறிச்சொற்களும் அவ்வினத்தவையே.

நம் இலக்கியத் தளங்கள் பலவற்றில் அவ்விடம் வெறுமையாய்க் கிடக்கிறது. அல்லது கட்டுரைக்குத் தொடர்பற்ற எழுத்தாளர் பெயர்கள் குவிந்து கிடக்கின்றன. பின்னது வீண்வேலை. திறவுச்சொல் குறியைத் தரவரிசைக்குக் கருதுவதில்லை எனக் கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. விவரக்குறியும் வரிசையை உயர்த்தாதுதான். ஆயினும் தேடல் முடிவில் தலைப்பின்கீழ்ப் பலமுறை தோன்றுவது அதன் வாசகமே. அஃது இல்லையேல் பக்கத்திலிருந்து ஏதோவொரு துண்டை எந்திரம் எடுத்து ஒட்டிவிடும். அண்மையில் சைதாப்பேட்டையில் மாணவர் ஒருவர் நம்முன் தேடியபோது, புதுமைப்பித்தன் குறித்து நாம் நன்கறிந்த கட்டுரையொன்றின் கீழே 'முகப்பு, சந்தா, தொடர்புக்கு' என்றிருந்தது. அவர் அதைத் திறக்காமலே கடந்து போனார். (தமிழாசிரியர் நாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்!)

படைப்பை ஏற்றுமுன் இரண்டு வரி விவரத்தை எழுதியவரே தமிழில் தரட்டும். தள நிரலரிடம் அதை விடலாகாது. திஸ்கியில் உறங்கும் பழைய பக்கங்களுக்கோ, முதலில் யூனிகோடு மாற்றம் வேண்டும்.