நாற்காலியும் காசோலையும்

2020 அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்டிருந்த புகைப்படம் வெளியாயிற்று. ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவாயிற்று.

தரையில் அமர்த்துவதைப் படம்பிடிக்க முடிந்தது. காசோலையில் நடப்பதை அவ்வாறு பிடிக்க இயலாது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன்படி ஊராட்சி நிதிக்கான காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் இணைந்து கையொப்பமிட வேண்டும். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வார்டு உறுப்பினர்கள். ஆதிக்கச் சாதியினர் பெரும்பான்மையாக உள்ள ஊரில் அந்த இரண்டாவது கையொப்பம் யார் வசம் இருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. முறைகேட்டைத் தடுக்க வந்த விதி, சேரிக்குத் தெருவிளக்கு வாங்கவும் ஊர்த்தெருவின் சம்மதத்தைக் கேட்க வைக்கிறது. மறுப்பவர் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதில்லை. ஆகவே வழக்கும் இல்லை. மேலதிகாரி அதை நிர்வாகத் தாமதமாகவே வாசிக்கிறார். தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் தராத பழியோ தலைவர்மீது விழுகிறது.

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. அடுத்து வரும் தலைவர்களுக்கும் இதே காசோலைதான் காத்திருக்கிறது. கையொப்பமிட மறுப்பவர் அதன் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தக் கோருகிறோம்.