வேலிகளும் வாசல்களும்

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர் ஒருவரிடம், "நீர் எந்தச் சபையைச் சேர்ந்தவர்?" என்று வினவ வேண்டியதில்லை, அவருடைய ஊரைக் கேட்டாலே பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். உடுவில், வட்டுக்கோட்டை, தெல்லிப்பழை என்றால் அமெரிக்க மிஷன் வழிவந்த தென்னிந்திய திருச்சபை. நல்லூர், கோப்பாய், சுண்டிக்குளி என்றால் அங்கிலிக்கன் சபை. பருத்தித்துறை என்றால் மெதடிஸ்த சபை. கொள்கையை ஆராய்ந்து தெரிந்தெடுத்த வேறுபாடா இது? அன்று. 1814இல் வெஸ்லியன் மிஷனாரும், 1816இல் அமெரிக்க மிஷனாரும், 1818இல் சர்ச் மிஷன் சங்கத்தாரும் இங்கு வந்தனர். ஒருவர் விதைக்கும் வயலில் மற்றவர் புகாதிருக்கும்பொருட்டுத் தமக்குள் இணங்கி ஊர்களைப் பகிர்ந்துகொண்டனர். போட்டியைத் தவிர்க்க எழுந்த அவ்வேற்பாட்டை யான் குறைகூறேன். நாமோ அதனைப் பரம்பரைக் காணியாகக் கருதி, சுற்றிலும் வேலி அடைத்துவிட்டோம்!

வேலை ஒன்று முன் நின்றபோது சபைகள் இவ்வெல்லைகளைக் கடந்தே வந்துள்ளன. வேதாகமத்தின் வரலாறே இதற்குச் சான்று. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார் 1850இல் வெளிவந்த மொழிபெயர்ப்பை ஆக்கியபோது, அவருக்குத் தமிழ்த் துணையாக நின்றவர் சைவப் பெரியாராகிய ஆறுமுக நாவலர். பின்னர்ப் பல மிஷன்களின் அறிஞர்கள் பவர் பாதிரியாரின் தலைமையில் ஒருங்கிருந்து, 1871இல் ஐக்கிய மொழிபெயர்ப்பை நிறைவேற்றினர். 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் கூடிப் பொது மொழிபெயர்ப்பையே வெளியிட்டனர்.

சட்டதிட்டங்களால் இணைய முயன்ற கதை வேறு. 1947இல் தென்னிந்திய திருச்சபை உதயமானபோது, இங்குள்ள மேற்கூறிய மூன்றனுள் அமெரிக்க மிஷன் வழிவந்த சபையே அதிற் சேர்ந்தது. சபாபதி குலேந்திரன் அதன் யாழ்ப்பாணப் பேராயரானார். இலங்கைச் சபைகளை ஒன்றாக்குவதற்கென நெடுங்காலம் வகுக்கப்பெற்ற திட்டமோ 1970களில் நீதிமன்ற வழக்கிற் சிக்கி நின்றுபோயிற்று. ஆயினும், 1963இல் பிலிமத்தலாவையில் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்த சபைகள் கூடி நிறுவிய இறையியற் கல்லூரி நிலைத்தது. அங்கே சிங்களத்திலும் தமிழிலும் குருமார் ஒருங்கே பயிற்றப்படுகின்றனர்.

இவற்றை யான் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் அயலிலே தனித்து வாழ்ந்த மூதாட்டி ஒருவர் நோயுற்றார். பிள்ளைகள் வெளிநாட்டில், அவர் சபையின் குருவானவரோ வேற்றூரில். இரண்டு வளவு தள்ளி எமது ஆலயம் இருந்தது. "அவ எங்கட சபை இல்லையே, போனால் ஆள் பிடிக்கிறோம் எண்டு சொல்லுவினம்" என்று எம்மவர் தயங்கினர். அத்தயக்கத்தில் யானும் பங்காளியே. நாள்தோறும் கஞ்சியும் மருந்தும் கொண்டு சென்றவர் அடுத்த வளவுச் சைவப் பெண்மணி.

ஆகவே யான் வேண்டுவது பெரியதோர் ஐக்கியமன்று. ஓர் ஊரிலும் அதன் அயலிலும் உள்ள சபையார் மாதம் ஒருமுறை கூடட்டும். தனித்திருக்கும் முதியோர் யாவர், பாடஞ் சொல்லித் தர ஆளில்லாத பிள்ளைகள் யாவர், ஆஸ்பத்திரிக்குத் துணையின்றிச் செல்வோர் யாவர் என ஒரே பட்டியல் எழுதட்டும். அப்பட்டியலிற் சபையின் பெயரும் வேண்டாம். சமயத்தின் பெயரும் வேண்டாம். செலவுக்கு ஒரு பொதுப் பணப்பெட்டி இருக்கட்டும்.

"இதனால் எமது தனித்தன்மை கெடாதோ?" என அன்பர் சிலர் கேட்பர். வழிபாட்டு முறையை மாற்றும்படி யான் கூறவில்லை. அவரவர் ஞானப்பாட்டை அவரவர் பாடலாம். "அங்ஙனமாயின் நற்செய்தி அறிவிப்பது எப்போது?" எனக் கேட்போரும் உளர். உதவியைத் தூண்டிலாக்கினால் அயலவர் உதவியையும் ஐயுறுவர், செய்தியையும் ஐயுறுவர். மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கிய கிறீன் வைத்தியரை ஊரார் இன்றும் நினைப்பது அவர் செய்த பணிக்காகவே.

அம்மூதாட்டியின் அடக்க ஆராதனைக்கு இரு சபையாரும் திரளாகச் சென்றோம். குருமார் இருவரும் செபித்தனர். சைவப் பெண்மணி படலையருகே நின்றார். ஒற்றுமை அன்று அழகாகத்தான் இருந்தது. அது ஒரு மாதம் முந்தி வந்திருக்கலாகாதா?