டிரம், பறை, பரையா

சென்ற பருவத்தில் இளங்கலை மாணவர்களுக்கு மொழிபெயர்ப்புத் தாள் நடத்திக்கொண்டிருந்தேன். பயிற்சிக்குக் கொடுத்த ஆங்கில வாக்கியம் ஒன்றில், ஒரு வீரன் படையிலிருந்து 'டிரம்டு அவுட்' ஆனதாக வந்தது. 'அவமானத்தோடு விலக்கப்பட்டான்' என்பது நான் எதிர்பார்த்த விடை. ஒரு மாணவன் 'பறையடித்து வெளியேற்றப்பட்டான்' என்று எழுதியிருந்தான். மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டான் என்று சிவப்பு மையால் சுழித்து மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

அன்றிரவு அகராதியைப் புரட்டியபோது வெட்கமாகப் போயிற்று. குற்றம் செய்த வீரனை முரசு கொட்ட, அணிவகுத்து நிற்கும் படையின் முன்னே நடத்திச் சென்று பாசறைக்கு வெளியே தள்ளுவது ஆங்கிலேயப் படையில் இருந்த வழக்கம். அந்தச் சடங்கில் பிறந்ததுதான் இந்தத் தொடர். மறுநாள் மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன்.

'டிரம்' ஆங்கிலத்தில் அத்தனை பழைய சொல் அன்று. 16ஆம் நூற்றாண்டில்தான் அது வழக்குக்கு வருகிறது. அதற்கு முன் 'டேபர்', 'டிம்ப்ரல்' போன்ற சொற்களே இருந்தன. வந்தபின் அது படையோடு ஒட்டிக்கொண்டது. முரசறைந்து ஆள் சேர்த்த பழக்கத்தை ஒட்டி, ஆதரவு திரட்டுவது 'டிரம் அப்' ஆயிற்று. போர்க்களத்தில் முரசையே மேசையாக்கி அவசரத் தீர்ப்பு வழங்கியதால் 'டிரம்ஹெட்' விசாரணை வந்தது. பிறகு உருண்டு திரண்ட எதுவும் டிரம்தான்: எண்ணெய்ப் பீப்பாய், வண்டியின் பிரேக் டிரம், நம் வீடுகளில் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல நிற டிரம். நம் முருங்கைக்காயும் அவர்கள் தட்டில் கிடக்கும் கோழிக்காலும் 'டிரம்ஸ்டிக்' என்ற ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்கின்றன. காதின் சவ்வை அவர்கள் 'இயர்டிரம்' என்றார்கள்; நாம் செவிப்பறை என்கிறோம்.

தமிழிலோ முரசு, முழவு, துடி, கிணை, தண்ணுமை, ஆகுளி, பதலை எனப் பெயர்கள் நீள்கின்றன. இவை ஒரே பொருளின் வெவ்வேறு பெயர்கள் அல்ல. நிலத்துக்கு உரிய கருப்பொருள்களுள் பறையையும் ஒன்றாக வைத்தது தொல்காப்பியம். குறிஞ்சிக்குத் தொண்டகம், பாலைக்குத் துடி என்று உரைமரபு வகுத்தது. முரசு அரசனுடையது. அதன் கட்டிலில் அறியாமல் உறங்கிவிட்ட மோசிகீரனாரைத் தண்டிக்காமல் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசியது பெரிய செய்தியானதும் அதனால்தான். ஆங்கில மொழிபெயர்ப்பில் இவையெல்லாம் 'டிரம்' ஆகும்போது, துடி கேட்டவனின் பதற்றமும் முழவு கேட்டவளின் மகிழ்ச்சியும் ஒரே ஓசையாகிவிடுகின்றன. அந்தப் பெயர்களை அப்படியே வைத்து, அடிக்குறிப்பு எழுதுவதே முறை என்பது என் கருத்து.

இதை வகுப்பில் சொல்லி முடித்தபோது அதே மாணவன் எழுந்தான். "ஐயா, இங்கிலீஷ் பேப்பர்ல வர்ற 'பரையா'ங்கிற சொல்லும் பறைதானுங்களா?" விடுமுறை நாள்களில் அவன் ஊர்க் குழுவில் பறை அடிப்பவன் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆம், பறைதான். பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அதுவே அன்றாட வழக்கு. சேதி சொல்லும் கருவி பறை. அதை இசைத்தவர் பறையர். புறநானூற்றின் 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நால்வரையும் பெருமைக்குரிய குடிகளாக எண்ணுகிறது. அந்தக் குடிப்பெயர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில எழுத்தில் ஏறி, 19ஆம் நூற்றாண்டில் 'ஒதுக்கப்பட்டவன்' என்று பொதுப்பொருள் கொண்டது. 1821இல் காசிமிர் டெலவீன் 'லெ பாரியா' என்று பிரெஞ்சில் நாடகம் எழுதினார். ஜெர்மன் சமூகவியலர் மாக்ஸ் வேபர் யூதர்களைக் குறிக்க இச்சொல்லை ஆண்டார். உலகம் விலக்கிவைத்த நாட்டை 'பரையா ஸ்டேட்' என்று நம் ஆங்கில நாளேடுகளும் கூசாமல் எழுதுகின்றன.

சொல் தன் பிறப்பை மறந்துவிட்டது, இனி என்ன குற்றம் என்று கேட்பவர்கள் உண்டு. 'டிரம்டு அவுட்' தன் பிறப்பை மறக்கலாம். அப்படித் துரத்தப்பட்ட வீரன் இன்று இல்லை. இங்கே அந்தப் பெயருக்கு உரியவன் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே இதழுக்குப் பெயர் வைத்தார். அயோத்திதாசரோ அந்தப் பெயரையே ஏற்க மறுத்தார். இருவரும் வேறுபட்டார்கள். ஆனால் அந்த வழக்கு அவர்களுடையது. அதில் தீர்ப்புச் சொல்லும் உரிமை லண்டன் அகராதிக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

என் கையில் இருப்பது சிவப்பு மை ஒன்றுதான். இந்த ஆண்டு முதல், ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் 'பரையா' என்று எழுதும் ஆங்கில விடைகளை அதனால் சுழிக்கிறேன். விலக்கப்பட்டதைச் சொல்ல ஆங்கிலத்தில் வேறு சொற்கள் நிறைய இருக்கின்றன.